எந்தப் பல்லிலும் இல்லாத வலி

எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் செய்வதைச் சொல்லமாட்டார்கள். செய்தது எது என்று சொல்வார்கள். நேற்று ராத்திரி தின்ற புரோட்டா. கன்டெய்னர் லாரிப் புகை. மழையில் நனைந்த தலை. மாமியார். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நானும் வேறு ஜாதியில்லை. தலை வலித்தால் முதலில் வெயிலைத் திட்டிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் குடிப்பேன்.

இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் கைவிட்டு, வலியை மட்டும் தனியாக வெளியே எடுப்பது என் வேலை. எர்ணாவூர் தாண்டி இருக்கிற அரசு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் என் மேஜையைத் தாண்ட வேண்டும். நான் கேட்பேன், பார்ப்பேன், தொடுவேன், தட்டுவேன், காது கொடுப்பேன். படிப்பில் இதற்கு அத்தியாயங்கள் உண்டு, ஒழுங்கு உண்டு, பரீட்சை உண்டு. மேஜையில் ஒழுங்கு கலைந்துபோகும். கதவிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஒருவர் நடந்து வருகிற அந்தக் கொஞ்ச தூரத்திலேயே பாதி தெரிந்துவிடும். செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பேச்சு நடுவில் மூச்சுக்காக நிற்கிறதா, நாற்காலியில் முழுசாக உட்காருகிறார்களா அல்லது விளிம்பில் தொத்திக்கொள்கிறார்களா, நகத்தின் நிறம், உதட்டின் நிறம், வலிக்கிற இடத்துக்குக் கை போகிற விதம். உடம்பு வாயைவிட முந்திக்கொண்டு பேசும். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அலுக்கவில்லை.

வாய்ப் பேச்சும் பிடிக்கும். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள் இஸ்திரி போட்டவை. தங்களுக்கு வலி எப்போது தொடங்கியது, எதனால் அதிகரிக்கிறது, எதனால் குறைகிறது. கேள்விகளில் தப்பே இல்லை, தங்கமான கேள்விகள். ஆனால் அந்தத் தமிழில் கேட்டால் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்பார்கள். எப்பலேர்ந்து கீது என்று கேட்டால் போதும், உடம்பு தளர்ந்து கதை வரும். சினிமாவில் எங்கள் பேச்சைச் சிரிப்பதற்கு வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். என் மேஜையில் அது ஸ்டெதஸ்கோப்புக்கு முந்தின கருவி.

அன்றைக்குப் பல் டாக்டர் வருகிற நாள். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வராந்தாவில் கன்னத்தைப் பிடித்தபடி ஒரு வரிசை நிற்கும். பல்லைப் பிடுங்குவதற்கு முன் பிரஷர், சுகர், நாலு கேள்வி. அதற்கு என்னிடம் வரவேண்டும் என்பதால் டோல்கேட்டில் நிறுத்தப்பட்ட லாரி டிரைவர் மாதிரி எரிச்சலோடு என்னைப் பார்ப்பார்கள். சீக்கிரம் வுடு, போவணும் என்கிற முகம்.

அந்த முகத்தோடு காத்திவாக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பெரியவளுக்கு என் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கறுத்து இறுகின உடம்பு, தோள் ஆம்பளைத் தோள். கூட வந்த சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு பேரும் கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர்கள். கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். மார்பளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி, விரலில் துள்ளுவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஒரு பறி, பனையோலையில் முடைந்த கூடை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தண்ணீர் வற்றி மறுபடி ஏறுகிற வரைக்கும் வாய் திறக்காது. பேச்சு கிடையாது, இருமல் கிடையாது. கூடை நிறைய நிறைய கழுத்து இழுக்கும். அதனால் அந்தக் குப்பத்தில் தாடை வலி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பறி வலி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. தைலம் தேய்ப்பார்கள். முடியாவிட்டால் பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

பெரியவள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தாட வலிக்கிது சிஸ்டரு. பறி கட்ச்சி கட்ச்சி பல்லு போச்சி. புடுங்கிட்டா தாவல."

எந்தப் பல் என்று கேட்டேன்.

"எதுனா ஒன்னு பாத்துப் புடுங்கச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. பல் வலிக்காரர்களை எனக்குத் தெரியும். உலகத்தில் அவர்களைப் போல் இடம் தெரிந்தவர்கள் கிடையாது. ஒற்றை விரலை வாய்க்குள் விட்டு, இது, இதேதான் என்று குற்றவாளியைக் காட்டுவது போல் காட்டுவார்கள். இவள் காட்டிய விதம் வேறு. உள்ளங்கையை விரித்துத் தாடையின் கீழே வைத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அப்புறம் கழுத்து வழியாக வழித்து இறக்கி, காறை எலும்புக்கு மேலே விட்டாள். வலி எந்தப் பல்லிலும் குடியிருக்கவில்லை.

பஞ்சுத் துணியை மடித்துக் கொடுத்து, கடிக்கச் சொன்னேன். கடித்தாள். ஒரு முனையைப் பிடித்து நான் இழுத்தேன். துணி வரவில்லை, நான்தான் நாற்காலியோடு முன்னால் வந்தேன். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது வாயில மாட்னா ரயிலே நவுராது சிஸ்டரு. எங்க மாமனாரையே கேளு."

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மரக்குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தேன். முன்பற்களில் ஓலை தேய்த்த பள்ளம் இருந்தது, மற்றபடி கோட்டைச் சுவர். அசைவு இல்லை, வீக்கம் இல்லை, கூச்சம்கூட இல்லை. அந்தப் பற்களில் ஒன்றைப் பிடுங்கினால் பறி நிற்காது. பறி நிற்காவிட்டால் அவளுக்குத் தொழில் இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே வாயைத் திறந்துகொண்டு வந்திருந்தாள். அப்படியானால் வலி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வலி எப்போது வருகிறது என்று கேட்டேன். பறி கடிப்பதால் வருகிறது என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பறி கடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் என்றாள். கேள்வி எந்தத் தெரு வழியாகப் போனாலும் பறியில் போய் முட்டியது.

கேள்வியை விட்டேன். பிரஷர் பட்டையை அவள் கையில் சுற்றினேன். பட்டை சுற்றியிருக்கும்வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். இது புத்தகத்தில் இல்லாத, எங்கள் எல்லா நர்ஸுகளுக்கும் தெரிந்த வித்தை. சுற்றிவிட்டு, நேற்றுக் காலையில் கண் விழித்ததிலிருந்து என்னவெல்லாம் செய்தாய், ஒன்று விடாமல் சொல்லு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை எதற்கு, அது தினம் செய்கிறதுதானே என்றாள். இருக்கட்டும், எனக்குத் தெரியாதே என்றேன்.

சொன்னாள். ஆரம்பித்துவிட்டால் நன்றாகச் சொன்னாள். டீ குடித்தது, மீந்த சோற்றில் தண்ணீர் விட்டுக் குடித்தது, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இறங்கியது, அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் கிளிஞ்சல் கிழித்து விரலில் ரத்தம் வந்தது. நடுநடுவே நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் சொருகினேன்: அப்போது தாடை எப்படி இருந்தது? தண்ணீரில் குந்தியிருந்தபோது? ஒன்றுமில்லை. பறி நிறைந்து கழுத்தை இழுத்தபோது? அப்போதும் ஒன்றுமில்லை. சொல்லிவிட்டு அவளே புருவத்தைச் சுருக்கினாள். கடிப்பதால் வருகிற வலி, கடிக்கும்போது வரவில்லை. மேலே சொன்னாள். பறியைத் தோளுக்கு மாற்றிக் கரை ஏறியபோது வந்தது. யாரோ தாடையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. பாதி மேட்டில் நின்றாள். நின்றதும் போய்விட்டது. ரோட்டுக்குப் போகிற ஏற்றத்தில் மறுபடி வந்தது. மறுபடி நின்றாள். மறுபடி போனது.

அதுவரை சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓரகத்தி திரும்பினாள்.

"அதுக்குத்தான் நின்னியா யக்கா? சிம்னிப் பொகை எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்குறேன்னு சொன்ன?"

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி அந்தக் கரையிலிருந்து எந்நேரமும் தெரியும். மூச்சு வாங்க நிற்பவளுக்கு அதைவிட வசதியான சாக்கு கிடையாது.

எப்போதிலிருந்து என்று இப்போது கேட்டேன். தேதி கேட்கவில்லை. எங்கள் பக்கம் உடம்பு தேதியில் நடப்பதில்லை, திருவிழாவில் நடக்கும். பொங்கலுக்கு எப்படி ஏறினாய்? ஓடி ஏறினேன் என்றாள். மாசி மகத்துக்கு? ஒரு தரம் நின்றேன். இப்போது? இப்போது பஸ் படி ஏறும்போதே வருகிறது. இன்று காலையில்கூட. இங்கே வருவதற்கு.

குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்பது எழுதிவைத்த கேள்வி. அதற்கு இல்லை என்றாள். எழுதிவைக்காத கேள்வி இன்னொன்று உண்டு, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் சௌக்கியமா என்பது. அண்ணன் இல்லை என்றாள். எப்படிப் போனார்? வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை, காத்துக் கருப்பு அடித்துவிட்டது. சின்ன வயசு. அதை நோய் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கருவியில் பிரஷர் ஏறியிருந்தது. விரலில் குத்தி எடுத்த சொட்டில் சர்க்கரையும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. கையைப் பிடித்தேன், ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. நாடி என் விரலுக்கடியில் அவசரப்பட்டது.

உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. தாடை வலி, நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, பல் சரியாக இருக்கிறது, அண்ணன் சின்ன வயதில் திடீரென்று, இன்றைக்குப் பஸ் படியில். அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை அதன் அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்தார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஈசிஜி மிஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். சம்பளம், பதவி, மாலை, எதையும் நான் அந்தத் தள்ளுவண்டிச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன். நான் கேட்டு வாங்கி வந்த ஒரு கதையை நம்பி இன்னொருவர் ஓடுகிறார். என் தொழிலில் இதற்கு மேல் ஒரு மேடை இல்லை.

காகிதத்தில் கோடுகள் சில இடங்களில் நிற்க வேண்டிய மட்டத்துக்குக் கீழே சரிந்திருந்தன. டாக்டரம்மா மாத்திரைகளைக் கொடுத்து விழுங்கச் சொன்னார், ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆகாது என்று அவளுக்கு விளங்கும்படி சொன்னார். சில பேருக்கு, அதிலும் பெண்களுக்கு, இதயத்தின் வலி நெஞ்சில் தெரியாமல் தாடையில் தெரியும் என்று காகிதத்தில் வரைந்தும் காட்டினார். பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவள் செருப்பைக் காலால் தேட ஆரம்பித்திருந்தாள்.

"பல்லு வலின்னு வந்தவளப் புட்ச்சி நெஞ்சு வலிக்காரியா ஆக்கிக்கினு கீறீங்க. நெஞ்சுல எனக்கு ஒன்னியும் இல்ல."

அது உண்மைதான். அவளுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள் பிழைக்காமல் போகக்கூடும். ஓரகத்தி கெஞ்சிப் பார்த்தாள், அப்புறம் திட்டிப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரி என்றாலே, தூக்கிக்கொண்டு ஓடின அண்ணனைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்த இடம் அவளுக்கு. பல் டாக்டர் மத்தியானம் கிளம்பிவிடுவார், பல்லைப் பிடுங்கி அனுப்புங்கள், நாளைக்குத் தண்ணீர் நல்லா வற்றும், வேலை கிடக்கிறது என்றாள். எழுந்து நின்றாள். நிற்கும்போதே ஒரு கை தாடைக்குப் போனது. போனது அவளுக்குத் தெரியவில்லை.

கதை கேட்டு முடித்ததும் கடைசியாக ஒன்று செய்ய வேண்டும் என்று எங்கள் படிப்பில் இருக்கிறது. கேட்டதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும்; சரிதானா என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலும் அதற்கு நேரம் இருக்காது. அன்றைக்கு நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, முழங்காலோடு முழங்கால் படுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"யக்கா, குந்து. நீ சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். தப்பா கீதுன்னா நிறுத்து. அப்பால நீ போலாம்."

உட்கார்ந்தாள். நான் சொன்னேன். நோய், இதயம், அடைப்பு என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவளுடைய சொற்களை மட்டும், அவள் வைத்த இடத்திலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். பொங்கலுக்கு நீ கரையை ஓடி ஏறினாய். தண்ணீரில் பறியைக் கடித்திருக்கும்வரை வலி இல்லை. பறியை வாயிலிருந்து எடுத்த பிறகு, ஏறும்போதுதான் வந்தது. நின்றால் போனது. மாசி மகத்துக்கு ஒரு தரம் நின்றாய்.

அவள் கையை உயர்த்தினாள்.

"ஒரு தரம் இல்ல. ரெண்டு தரம் நின்னேன். ஒன்னு இவளுக்குத் தெரியாது."

இரண்டு என்று திருத்திக்கொண்டேன். மேலே போனேன். இன்றைக்குப் பஸ் படியில் வந்தது. பல்லைத் தட்டினேன், வலிக்கவில்லை. துணியைக் கடித்தாய், வலிக்கவில்லை. சொல்லி முடித்தேன். வராந்தாவில் யாரோ பல் டாக்டருக்காக முனகிக்கொண்டிருந்தார்கள். அவள் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கதையை வேறு ஒரு வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. யாரோ ஒரு பொம்பளைக்கு நடந்தது மாதிரி கேட்டுக்கொண்டாள்.

"அப்ப பறி இல்லியா?"

பறி இல்லை என்றேன்.

யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "எங்கண்ணனும் மணல்ல உக்கார்றதுக்கு முன்ன தாடையத்தான் தடவிகினு இருந்துச்சி."

ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் எழுந்து, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள். ஒரு அடிகூட நடக்க விடவில்லை நாங்கள். சக்கர நாற்காலியில் வைத்துத்தான் கொண்டுபோனோம். அதற்கு மட்டும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வரிசையில் நின்ற தெரிந்த முகங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி போனாள்.

டாக்டரம்மா ஓரகத்தியோடு என்னையும் வண்டியில் அனுப்பினார். திருவொற்றியூர் வழியாக, துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்தபடி வண்டி போனது. எந்நேரமும் நகராத அந்தச் சங்கிலி, சைரன் கேட்டதும் ஓரம் ஒதுங்கியது. கிளீனர் பையன்கள் கீழே குதித்து, பின்னால் இருந்த வண்டிகளைக் கையைக் காட்டி ஒதுக்கினார்கள். உள்ளே யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், நடுவில் எங்கள் ஜனங்கள் திறந்துவிட்ட பாதை. என் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. நாடி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதும்.

பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். முகத்தில் தூக்கம் பாக்கி. என்ன பிரச்சினை என்று கேட்டுக்கொண்டே காகிதத்துக்குக் கையை நீட்டினார். நான் சொல்ல வாயெடுத்தேன். ஸ்டிரெச்சரில் இருந்தவள் என் கையைத் தட்டினாள். நீ இரு என்கிற தட்டு.

அவளே சொன்னாள். தாடையில் ஆரம்பிக்கும், கழுத்து வரைக்கும் இறங்கும். பொங்கலுக்கு இல்லை. மாசி மகத்துக்கு இரண்டு தரம். இன்றைக்குப் பஸ் படியில். அண்ணன் இப்படித்தான் போனார். எது முன், எது பின் என்று துளி பிசகவில்லை.

"பறி கட்ச்சா வராது டாக்டரு. கரை ஏறுனா வரும். நின்னா பூடும்."

பறி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மீதி எல்லாம் விளங்கிவிட்டது. தூக்கம் கலைந்த முகத்தோடு ஸ்டிரெச்சரைத் தானே திருப்பினார். கதவு ஆடி நின்றது. நான் வெளியே வந்து, மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். நெஞ்சு நிறைந்து, நிற்க இடம் போதாமல், அங்கேயும் இங்கேயும் நடந்தேன். நான் கேட்ட கேள்விகள் அவளிடம் போய்விட்டன. இனி அவள் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும்.

சாயந்திரம் ஓரகத்தி போன் பண்ணினாள். குழாயில் அடைப்பு இருந்ததாம், நீக்கிக் கம்பி வைத்துவிட்டார்களாம், ஆபத்து இல்லை என்று சொன்னார்களாம். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல்.

"வார்டுக்குக் கொணாந்ததும் அங்க கீற நர்சம்மாவாண்ட பொங்கல்லேர்ந்து ஆரமிச்சிட்ச்சி சிஸ்டரு. பேசாம படுன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

பேசட்டும், விடு என்றேன்.